அம்மன் வண்டி வரும் தெரு

எங்கள் வீட்டு முன்சுவரில் இருந்த சிவப்புக் குறியின்மேல் வெள்ளையடித்தாகிவிட்டது. இரண்டு கை அடித்தும், மழை பெய்து சுவர் நனைந்தால் உள்ளேயிருந்து லேசாகச் சிவப்புத் தெரியும். மூன்றாவது கை அடிக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தெரியட்டுமே. காலையில் பால் வாங்க வெளியே வரும்போது அதைப் பார்த்து, அப்பாடா, போய்த் தொலைந்தது என்று ஒரு மூச்சு விட்டால்தான் எனக்கு நாள் ஓடுகிறது.

அந்தக் குறி எங்கள் சுவருக்கு வந்ததற்குக் காரணம் வேறு யாருமில்லை. என் வாய்தான்.

நான் இருபத்தெட்டு வருஷம் சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு வருஷம் ஆகிறது, குரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் பெட்டிக்கடைக்காரர் 'இன்னாக்கா?' என்று கேட்பார். ஆட்டோவில் ஏறினால் கை தானாகக் கம்பியைத் தட்டும், வாய் தானாக 'ரைட்' என்று சொல்லிவிடும். ஆட்டோக்காரர் திரும்பி ஒரு மாதிரி பார்ப்பார். இவர் அதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஓட்டுவார். இவர் ஒர்க்‌ஷாப்பில் டிங்கராக இருந்தவர். அடிபட்டு நசுங்கி வருகிற வண்டிகளின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. அவருக்கு நாள் முழுக்கத் தட்டுகிற வேலை, எனக்கு நாள் முழுக்கக் கத்துகிற வேலை. எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதே கிடையாது.

ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது புரியும் என்று நினைக்க வேண்டாம். சின்னத் தெரு, அவ்வளவுதான். சுவருக்குச் சுவர் பத்தடி. வாசல்கள் நேராகத் தெருவில் திறக்கும். தெருவைவிட வாசல் ஓரடி உயரம் என்பதால் வீட்டுக்கு வீடு முன்னால் ஒரு படி. அந்தக் காலத்தில் எல்லாமே கல் பலகைகள். இரண்டு கல்லின்மேல் ஒரு பலகை, சும்மா வைத்திருப்பதுதான், இரண்டு பேர் தூக்கினால் வந்துவிடும். அப்புறம் ஒவ்வொருத்தராகச் சிமெண்டு போட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் படி, படிக்குப் பக்கத்தில் டூவீலர், டூவீலருக்குப் பக்கத்தில் தண்ணீர் டிரம். பத்தடியில் நடுவே மிச்சம் நாலடியோ ஐந்தடியோ. அதற்குள்தான் எங்கள் கல்யாணம் காட்சி எல்லாம் நடந்தது. படி தெருவின்மேல் இருக்கிறது, தெரு நம்முடையதல்ல என்கிற நினைப்பே எங்களுக்குக் கிடையாது.

போன வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முழுக்க வியர்வை. "இன்னாயா ஆச்சு?" என்றேன். நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இரண்டாவது மாடியில் எங்களிடம் வாடகைக்கு இருக்கிற கரூர்ப் பெண் அன்றைக்கு வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் போன் போட்டாள். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வந்து என்ன? மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. உள்ளே வர வழி இல்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் மூன்றாவது வீட்டு ஸ்கூட்டரிடம் மாட்டிக்கொண்டார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் இவரை உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். யார் யார் தூக்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை. எனக்குப் பயம் வந்தால் எண்ண ஆரம்பித்துவிடுவேன். அது பஸ் பழக்கம். ஒவ்வொரு ஸ்டேஜிலும் தலை எண்ணி எண்ணி வந்த பழக்கம். அன்றைக்கு என் காலடியை எண்ணினேன். எதிர்வீட்டுக்காரி புதிதாக வழவழவென்று கிரானைட் போட்டுப் படி கட்டியிருந்தாள். நாற்காலியின் கால் அதில் போய் இடித்து, இவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். எனக்கு வந்ததே கோபம். "கட்டுறாளுங்க பாரு அரண்மனைக்குக் கட்டுற மாதிரி! தெருவையே வீட்டுக்குள்ள சேத்துக்குங்கடி!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். கத்திக்கொண்டே எண்ணினேன். எங்கள் வாசலிலிருந்து வண்டி வரைக்கும் இருநூற்றுப் பதினான்கு எட்டு.

பிழைத்துவிட்டார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரியில் குழாய் மாதிரி ஏதோ உள்ளே வைத்தார்கள். கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். மாடிப்படி ஏறக் கூடாது. இன்னொரு முறை இப்படி வந்தால் இந்த நேரத்தில் பாதி நேரத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். முதல் விஷயத்தை அன்றைக்கே செய்துவிட்டேன். நாங்கள் படுக்கிற அறை முதல் மாடியில். கட்டிலைக் கழற்றி இறக்கி, கீழே முன்னறையில் ஜன்னலோரம் போட்டேன். முன்னறை எட்டடி ஆழம், அகலம் ஆறடிதான். கட்டில் ஆறரை அடி. கால்மாட்டில் ஒரு ஸ்டூல் போட்டால் சரியாகப் போச்சு. அவர் ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கொண்டு படுத்திருந்தார்.

இரண்டாவது விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வார்டுக் கூட்டம் வந்தது. ஸ்கூல் ஹாலில் பெஞ்சுகளைப் போட்டு எல்லாரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். அடுத்த பத்து வருஷத்தில் உங்கள் ஏரியா எப்படி வளர வேண்டும் என்பதுதான் கேள்வி. மேலே ஒரு கட்டம், என்ன வேண்டும் என்று எழுத. கீழே ஒரு கட்டம், என்ன பயம் என்று எழுத. கீழ்க் கட்டம்தான் எல்லாருக்கும் நிறைந்து வழிந்தது. மெட்ரோ பக்கத்தில் வந்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் பழைய வீடு ஒன்று விழுந்தால் அங்கே ஐந்து மாடி முளைக்கிறது. பக்கத்துத் தெருவில் இருபது வருஷமாகக் குடியிருந்த குடும்பங்கள் வாடகை ஏறி, ஊர்க்கோடியில் கே.ஆர்.புரம் தாண்டிப் போய்விட்டார்கள். பெட்டிக்கடைக்காரர் எழுந்து, "ஊரு வளரட்டும் சார், வேணாங்கல. நாங்க அதுக்குள்ள இருப்போமா, அத்த சொல்லுங்க" என்றார். கரூர்ப் பெண், ஆபீஸ் கேப் வாசல்வரை வந்தால் போதும் என்று எழுதினாள். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு அங்கிருந்து தனியாக நடந்து வருவது அவளுக்குப் பயம். இன்னொருத்தர் தண்ணீர், இன்னொருத்தர் லைட்டு.

என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். ஆபீஸ்காரர்களுக்குப் புரியட்டும் என்று கன்னடத்திலேயே பேசினேன், பஸ்ஸில் பேசின கன்னடம். நாற்காலியில் ஒரு மனுஷனைத் தூக்கிக்கொண்டு போன கதையை முழுசாகச் சொன்னேன். இருநூற்றுப் பதினான்கு எட்டையும் சொன்னேன். கடைசியில், "எங்க தெரு ரஸ்தெயை அகலம் பண்ணுங்க சார்! ஆம்புலன்ஸ் என் வாசலுக்கு வரணும்! இத்த பண்ணாம வேற எத்த பண்ணாலும் அது வளர்ச்சியே இல்ல!" என்று மேஜையில் ஒரு தட்டுத் தட்டினேன். எல்லாரும் கை தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரிகூடத் தட்டினாள். எங்கள் வார்டு இன்ஜினியர், கண்ணாடி போட்ட சின்னப் பையன் மாதிரி ஒருத்தர், தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அதை நடித்தே காட்டினேன்.

இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அகலம் பண்ணுங்கள் என்று கத்தினேனே, அந்த அகலம் எங்கேயிருந்து வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? டூவீலரை எடுப்பார்கள், டிரம்மை எடுப்பார்கள், எதிர்வீட்டுக் கிரானைட்டை உடைப்பார்கள் என்று என் புத்தியில் இருந்தது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அகலம் என்றால் அடுத்தவர் வாசலிலிருந்து வருவது என்று.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை, இரண்டு பேர் டேப்பும் பெயிண்ட் டப்பாவுமாக வந்தார்கள். தெருவை அளந்தார்கள். வலது பக்கம் கரண்ட் கம்பமும் தண்ணீர்க் குழாயும் போவதால் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. எங்கள் இடது பக்கத்துச் சுவர்களில் மட்டும் சிவப்பாக ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் 1.2 என்று எழுதிக்கொண்டே போனார்கள்.

"இன்னாமே அது, ஒண்ணு புள்ளி ரெண்டு?" என்று இவர் கட்டிலிலிருந்து கேட்டார்.

கரூர்ப் பெண் இறங்கி வந்து பார்த்தாள். "மீட்டர்மா," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "நாலடி. உங்க சுவர்லேருந்து உள்ளாற நாலடி எடுப்பாங்க."

எட்டில் நாலு போனால் நாலு. கட்டில் ஆறரை. இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. பின்னால் அடுப்படி, அதற்கப்புறம் பின்வீட்டுச் சுவர். மாடி ஏறக் கூடாத மனுஷனை நான் எங்கே படுக்கவைப்பது? ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும், ஆனால் உள்ளே படுத்திருக்க அவருக்கு இடம் இருக்காது. அவருக்காகக் கேட்டது அவர் கட்டிலையே பிடுங்கிக்கொண்டு வந்து நிற்கிறது. நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் என்னைத் திட்டின. நேராகத் திட்டினாலாவது பதில் சொல்லலாம். ஜாடையாகத் திட்டினார்கள். "மைக்கு வேணாம்னு சொன்னாங்களே, அப்பவே தெரியும்" என்று ஒருத்தி வாளியிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

வார்டு ஆபீசுக்குப் போனேன். அந்தக் கண்ணாடிப் பையன்தான் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "நீவே கேளித்ரல்லம்மா?" என்றார். நீங்கள்தானே கேட்டீர்கள் என்கிறார். நியாயந்தானே. மரியாதையாக நாற்காலி கொடுத்துச் சொன்னார். இது பெரிய திட்டம் எதிலும் இல்லை, சின்னத் தெரு. நீங்கள் அவ்வளவு சத்தமாகக் கேட்டதால்தான் மேலே எழுதினேன். தெருவே சேர்ந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் நிறுத்திவிடலாம். "ஆனா அப்புறம் ஆம்புலன்ஸ் வரலன்னு என்னைக் கேக்கக் கூடாது."

திரும்பி நடந்து வந்தேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அறை மிஞ்சும், மறுபடியும் அதே பிளாஸ்டிக் நாற்காலி. வேண்டும் என்றால் வண்டி வரும், அறை போகும். டாக்டரம்மா சொன்ன பாதி நேரம் காதிலேயே ஓடியது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று தாளை எழுதி ரெடியாக வைத்திருந்தார்கள், என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கொடுத்துவிடுகிறேன், ஒரு நாள் பொறுங்கள் என்று வாங்கி வைத்தேன். அன்றைக்கு ரசம் வைத்ததில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம்.

கை கழுவிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், "ஏமே, நம்ம அம்மன் எதுல வர்றா?" என்றார்.

"எந்த அம்மன்? இன்னா கேள்வி இது?"

"பல்லக்குத் திருவிழாவுக்கு வருவாளே வருஷா வருஷம். எதுல வர்றா?"

"டிராக்டர்ல."

"டிராக்டரு, பின்னாடி டிரெய்லரு, அதுமேல பூப்பல்லக்கு. ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கினு நிக்கும். ஆம்புலன்ஸு இன்னா அகலம் தெரியுமா? நான் எத்தன வேனு தட்டியிருக்கேன். கண்ணாடிய மடிச்சா ஆறரையடி, அதுக்கு மேல ஒரு விரக்கட கெடையாது. அம்மா பல்லக்குல வந்தா வழி வுடுவீங்க, நான் படுத்துக்கினு போனா வுட மாட்டீங்களா?"

சித்திரையில் ஒரு நாள் எங்கள் தெரு வேறு தெருவாகிவிடும். காலையிலேயே கல் பலகைகளைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிடுவோம். டிரம் உள்ளே, ஸ்கூட்டர் எல்லாம் கோயிலுக்குப் பக்கத்துக் காலி மூலையில். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அம்மன் வண்டி திரும்பி உள்ளே வரும், வீட்டுக்கு வீடு நின்று தேங்காய் வாங்கிக்கொள்ளும், போகும். மறுநாள் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த ஒரு நாள் தெருவை மற்ற நாள் தெருவோடு சேர்த்து எங்களில் ஒருத்தருக்கும் யோசிக்கத் தோன்றியதில்லை. சாமிக்கு என்றால் அகலம், மனுஷனுக்கு என்றால் குறுகல். நல்ல நியாயம்! இவர் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டு அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வார்டு ஆபீசுக்கு ஓடினேன்.

இன்ஜினியர் முழுசாகக் கேட்டார். பேனாவை மூடினார், திறந்தார். "வண்டி நெஜமா உள்ளே வந்து உங்க வாசல்ல நின்னுச்சுன்னா நான் அப்படியே ரிப்போர்ட் எழுதறேன்மா. தெரு எல்லாரும் படியை எடுத்துடறோம்னு கையெழுத்துப் போடணும். ரெண்டு பக்கமும்." அடுத்த வாரம் புதன்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்.

கல் பலகை வீடுகளில் பிரச்சினை இல்லை. எங்கள் பக்கத்தில் சிமெண்டு போட்டவர்கள் இரண்டு பேர், சுவர் போவதற்குப் பதில் படி போகட்டும் என்று அன்றைக்கே உடைத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்றே ஒன்று. எதிர்வீட்டுக் கிரானைட். எங்கள் வீட்டருகே தெரு வளைகிற இடத்தில் வண்டி திரும்பி உள்ளே வந்ததும் மூக்கு நேராக அதன்மேல்தான் வரும். போன சித்திரையில் அம்மன் டிரெய்லரே அதில் உரசிக்கொண்டுதான் போனது. அவள் வீட்டுச் சுவரில் சிவப்புக் குறி இல்லை. மகள் கல்யாணத்துக்கு ஆசை ஆசையாகக் கட்டியது. அதை அவள் ஏன் உடைக்க வேண்டும்? அதுவும் தெரு நடுவில் வைத்து அவளை அரண்மனைக்காரி என்று கத்தினவளுக்காக?

இரண்டு நாள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். கூட்டம் பிதுங்கி வழிகிற பஸ்ஸில் முரட்டு ஆளையெல்லாம் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கிறேன், எனக்கு ஒரு பொம்பளை வாசலில் போய் நிற்கக் கால் வரவில்லை. மூன்றாம் நாள் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒரு விசயம் கேக்கணும்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெரியும். புதன்கெழம வண்டி வருது. தெருவே பேசிக்கினு இருக்குது."

"அன்னிக்கி நான் பேசினது தப்பு. பயத்துல வாய்க்கு வந்தத…"

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "அக்கா, அன்னிக்கி நாற்காலியத் தூக்கினது யாரு யாருன்னு சொல்லு பாப்போம்."

பெட்டிக்கடைக்காரர் குரல் ஒன்றுதான் எனக்கு ஞாபகம் இருந்தது.

"மின்னாடி வலது காலு நான் புடிச்சிக்கினு இருந்தேன். என் படியில நானே முட்டிக்கினேன். முட்டி வீங்கி பத்து நாளு நொண்டினேன். நீ என்னத்தான் திட்டிக்கினே பக்கத்துலயே நடந்து வந்த. எனக்குக் காது கேக்காதா?"

எனக்கு அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போல் இருந்தது. எட்டை எண்ணினேனே தவிர, தூக்கினவர்கள் முகத்தை நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, அழுதேன் என்று மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"அய்யே, வுடுக்கா. கையெல்லாம் கீரை," என்றாள். "அன்னிக்கி முட்டி வீங்கின அன்னிக்கே எடுத்துருக்கணும் இந்தப் படிய. நீ கத்தினியேன்னு ரோசத்துல வுட்டுட்டேன். கேக்கறதுக்கு இத்தினி நாளா உனக்கு?"

செவ்வாய்க்கிழமை காலை அவள் மருமகன் சம்மட்டியோடு வந்தார். கிரானைட் பலகைகளை உடையாமல் பெயர்த்தெடுத்தது இவருடைய யோசனை. கட்டிலிலிருந்தபடியே ஜன்னல் வழியாக, அங்க தட்டு, இங்க தட்டாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தகரம் தட்டின கைக்கு ரொம்ப நாள் கழித்து ஒரு வேலை.

புதன்கிழமை தெருவைப் பார்க்க வேண்டுமே! அம்மன் வருகிற நாள் மாதிரியே ஆகிவிட்டது. பலகைகள் சுவரில் சாய்ந்திருந்தன, டிரம் எல்லாம் உள்ளே, ஸ்கூட்டர் எல்லாம் கோயில் மூலையில். வாசல் தெளித்துக் கோலம் வேறு. ஒருத்தி பழக்க தோஷத்தில் கற்பூரத் தட்டோடு வந்து நின்றுவிட்டாள். "அடியே, வர்றது ஆம்புலன்ஸுடி!" என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதும் தெருவே சிரித்தது. இவர் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு ஆம்புலன்ஸைச் சொந்தக்காரரிடம் கேட்டு அனுப்பியிருந்தார்கள். இன்ஜினியர் டேப்போடு நின்றார். டிரைவர் இறங்கி வந்து வளைவைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ரிவர்ஸ்லதான் வர முடியும். பின்னாடி யாராவது பாத்துச் சொல்லணும்."

யாராவது என்ன யாராவது! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். சந்துக்குள் மாட்டிக்கொண்ட பஸ்ஸை எத்தனை தடவை பின்னால் எடுத்துவிட்டிருப்பேன்! வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன். "வா… வா… வா… லெப்ட்ல ஒடி… இன்னும் ஒடி… வா…" வளைவில் பின்பக்கம் திரும்பி உள்ளே வந்தது. எதிர்வீட்டு வாசல். நேற்றுவரை கிரானைட் இருந்த இடத்தில் சிமெண்டுத் தழும்பு மட்டும். அதன்மேல் டயர் ஏறி இறங்கியது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம். எதிர்வீட்டுக்காரி சுவரோடு ஒட்டி நின்று வயிற்றை எக்கிக்கொண்டாள். "வா… வா… ஸ்டெடி… ஹோல்டான்!"

வண்டி நின்றது. பின்கதவு எங்கள் ஜன்னலுக்கு நேராக.

டிரைவர் வந்து கதவைத் திறந்துவிட்டார். இன்ஜினியர் இரண்டு பக்கமும் அளந்தார், போட்டோ எடுத்தார், எழுதினார். பிறகு எங்கள் சுவர்ப் பக்கம் வந்து, அந்தச் சிவப்பு அம்புக்குறியின்மேல் விரலால் பெருக்கல் குறி மாதிரி இழுத்துக் காட்டினார். "ஆய்த்தம்மா," என்றார். முடிந்தது என்று அர்த்தம். ஆர்டர் கையில் வர அப்புறம் ஒரு மாதம் ஆயிற்று, ஆனால் எனக்கு அந்த நிமிஷமே முடிந்துவிட்டது. உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் வாளியோடு பேசினாளே, அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது ஆளுக்கொரு இரும்பு மடக்குப் படி செய்துகொண்டிருக்கிறோம். தூக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்கூட்டரும் டிரம்மும் மறுபடி தெருவுக்கு வரவில்லை. எதிர்வீட்டில்தான் முதலில் மாட்டினது. அவள் கிரானைட் இப்போது அவள் அடுப்படி மேடையாகியிருக்கிறது. கரூர்ப் பெண்ணின் கேப்கூட வளைவுவரை வருகிறது. பத்து வருஷத்தில் எங்கள் ஏரியா என்ன ஆகுமோ, யார் இருப்போமோ, யார் போவோமோ, அந்தக் கீழ்க் கட்டத்துப் பயம் எனக்கும் தீரவில்லை. ஆனால் எங்கள் தெரு எவ்வளவு அகலம் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் உள்ளே போனேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து திறந்த வண்டிக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறட்டுமா?" என்று கேட்டார். "வாய மூடு," என்றேன். கட்டிலோரமாக நின்று, அங்கிருந்து வண்டிக் கதவுவரை நடந்தேன். எண்ணிக்கொண்டே நடந்தேன்.

ஒன்பது.

கதவைச் சாத்தி, அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். டிரைவர் சீட்டில் ஏறிக் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, எடுக்கட்டுமா?" என்றார். எனக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். கையால் வண்டியைத் தட்டினேன், குரல் வரவில்லை. டிரைவர் காத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் டங் டங் என்று இரண்டு தட்டு விழுந்தது.

"ரைட்! போலாம்!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார் என் வீட்டுக்காரர்.